நெட் இல்லாத பன்னிரண்டாவது கைப்பேசி

என் மகளுக்கு ஒன்பது வயது. பேச மாட்டாள். அதற்காக அவளுக்குச் சொல்ல எதுவும் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. நிறைய இருக்கிறது, வார்த்தையாகத்தான் வராது. இடது காதை இழுத்தால் வயிறு வலிக்கிறது. தட்டை நம் பக்கம் தள்ளினால் இன்னும் வேண்டும், தன் பக்கம் இழுத்துக்கொண்டால் போதும். முதலில் நாங்கள் இதை நேர்மாறாகப் புரிந்துகொண்டோம். போதும் என்றவளுக்கு மேலும் மேலும் ஊட்டியிருக்கிறோம், இன்னும் கேட்டவளிடமிருந்து தட்டைப் பிடுங்கியிருக்கிறோம். நினைத்தால் இப்போதும் எனக்கு என்னை நாலு அறை அறைந்துகொள்ளத் தோன்றும்.

தட்டு விஷயத்தை எங்களுக்குச் சொன்னது அவள் பள்ளிக்கூடம். அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில், ஒரு மாவு மில்லைத் தாண்டி உள்ளே போகும் தெருவில், சிறப்புக் குழந்தைகளுக்கான சின்னப் பள்ளி. முப்பத்தெட்டுப் பிள்ளைகள், பத்து ஆசிரியைகள், ஒரு தலைமை ஆசிரியை, ஒரு ஆயாம்மா. பிள்ளைகள் ஒவ்வொருவரும் எதற்கு அழுவார்கள், எதைக் கொடுத்தால் அடங்குவார்கள், எந்தச் சத்தம் ஆகாது என்பதையெல்லாம் அவர்கள் நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்திருந்தார்கள். ஆசிரியை மாறினால் நோட்டு பீரோவுக்குள் போய்விடும். புதிதாக வருகிறவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து கண்டுபிடிப்பார். அதுவரை பிள்ளை அழும்.

நான் மென்பொருள் வேலையில் இருப்பவன். வேலைக்காகத் தெற்கே இருந்து வந்து, அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் ஒரு அடுக்குமாடி வீட்டுக்குத் தவணை கட்டிக்கொண்டிருக்கும் ஆயிரம் பேரில் ஒருவன். பள்ளிக்குப் பணமாகக் கொடுக்க என்னிடம் பெரிதாக எதுவும் இல்லை, கைத்தொழில் இருந்தது. ஒரு செயலி செய்து கொடுத்தேன். ஆசிரியை கைப்பேசியில் எழுதினால் அது கிளவுடில் இருக்கும் ஒரு தரவுதளத்தில் போய் உட்காரும். பிள்ளைக்கு ஓர் ஆவணம். அதில் பெயர், பிறந்த நாள், இரத்த வகை. அந்த ஆவணத்துக்கு உள்ளே குறிப்புகள் என்று இன்னோர் அடுக்கு. எழுதுவது எல்லாம் அந்த உள்ளடுக்கில்தான் சேரும். இதை இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் மண்ணைக் கவ்வியது அங்கேதான்.

மூன்று வருடம் எல்லாம் ஒழுங்காக ஓடியது. என்னைப் பள்ளியில் எல்லோரும் மரியாதையாக நடத்தினார்கள். ஆண்டு விழாவில் சால்வை போர்த்தினார்கள். நானும் வெட்கமில்லாமல் போர்த்திக்கொண்டேன்.

அந்த ஏப்ரல் முடிவோடு என் மகளின் ஆசிரியை வேலையை விடுவதாக இருந்தார். கணவருக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல். ஜூனில் புது ஆசிரியை வருவார். என் மகளுக்குப் புது ஆள் என்றாலே ஆகாது. முதல் ஆசிரியையிடம் பழக அவளுக்கு ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதமும் தினமும் வாசலில் தரையில் விழுந்து கதறியிருக்கிறாள். நானும் என் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டு வீட்டுக்கு வருவோம். இந்த முறை அப்படி ஆகாது என்று நாங்கள் நம்பியதற்கு ஒரே காரணம் அந்தக் குறிப்புகள். வருகிறவர் படித்துவிட்டு வருவார். வேறு எதுவும் எங்கள் கையில் இல்லை.

அவை தொலைந்தால் ஆசிரியையைத் திரும்ப எழுதித் தரச் சொன்னால் போகிறது என்று தோன்றலாம். எழுதியது அவர் மட்டும் இல்லை, நாலைந்து பேர். அன்றன்று கண்டதை அன்றன்று எழுதியது. போன வருடம் ஒரு புதன்கிழமை மதியம் ஒரு குழந்தை ஏன் சாப்பிட மறுத்தது என்று யாருக்கு நினைவிருக்கும்?

சனிக்கிழமை காலை. தோசை சாப்பிட்டுவிட்டு மடிக்கணினியைத் திறந்தேன். ஜூனுக்கு முன் தரவுதளத்தைக் கொஞ்சம் சுத்தம் செய்யலாம் என்று எண்ணம். ஆரம்பத்தில் சோதனைக்காக நான் ஒரு பொய்ப் பிள்ளையை உருவாக்கி அதன் பேரில் அசட்டுப் பிசட்டென்று முப்பது குறிப்பு எழுதி வைத்திருந்தேன். அதை நீக்க வேண்டும். பத்து வரியில் ஒரு நிரல் எழுதினேன். குறிப்புகள் என்ற பெயரில் இருப்பதை அழி என்று எழுதினேன். அந்தப் பொய்ப் பிள்ளையின் குறிப்புகளை மட்டும் என்று எழுதவில்லை. ஓட்டினேன். முப்பது என்று வர வேண்டிய இடத்தில் ஆயிரத்து நானூற்றுச் சொச்சம் அழிக்கப்பட்டது என்று வந்தது.

கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பயப்படவில்லை என்பதை இங்கே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன். பிரதி இருக்கிறதே. வாரா வாரம் வெள்ளிக்கிழமை தானாகவே ஒரு பிரதி எடுத்து வேறோர் இடத்தில் வைக்க ஏற்பாடு செய்திருந்தேன். முடிந்ததும் 'வெற்றி' என்று எனக்கு மின்னஞ்சல் வரும். மூன்று வருடமாக ஒரு வெள்ளிகூடத் தவறியதில்லை. அந்தப் பிரதியைத் திரும்பக் கொண்டுவந்து ஏற்றினேன். ஐந்து நிமிடம். இதிலும் வெற்றி. திறந்து பார்த்தேன். முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். பெயர் இருந்தது, பிறந்த நாள் இருந்தது, இரத்த வகை இருந்தது. குறிப்புகள் ஒன்றுகூட இல்லை.

பிரதி எடுக்கும் ஏற்பாட்டில் நான் மேலடுக்கின் பெயரை மட்டும் கொடுத்திருந்தேன். உள்ளே இருப்பது கூடவே வரும் என்று நினைத்துவிட்டேன். பெயர் சொல்லிக் கேட்காததை அது எடுக்காது. வீடு மாற்றும்போது பீரோவை வண்டியில் ஏற்றிவிட்டு, துணிமணியைப் பழைய வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தது மாதிரி. மூன்று வருடமாக நான் காலி பீரோவைப் பத்திரமாகப் பாதுகாத்து வந்திருக்கிறேன். அலுவலகத்தில் புதிதாகச் சேருபவர்களிடம், 'பிரதி எடுத்தால் போதாது, திரும்ப ஏற்றிப் பார்க்க வேண்டும்' என்று வகுப்பு எடுப்பவன் நான்தான்.

இத்தனை நாளுக்குள் என்றால் பழைய நிலைக்குத் திரும்பலாம் என்று அந்தச் சேவையில் ஒரு வசதி உண்டு. முன்கூட்டியே போட்டு வைத்திருக்க வேண்டும். நான் போட்டு வைக்கவில்லை.

மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்னாச்சு? முகம் ஏன் இப்படி இருக்கு?"

"ஸ்கூல் குறிப்பெல்லாம் அழிச்சிட்டேன்."

"நம்ம பாப்பாவோடதுமா?"

"எல்லாம்."

ஈரக் கையோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். திட்டியிருந்தால் தேவலை.

அப்போதுதான் அன்றைய இரண்டாவது முட்டாள்தனத்தைச் செய்தேன். முதலாவதைவிட இது பெரியது. பள்ளியின் வாட்ஸாப் குழுவில், பன்னிரண்டு பேருக்கும் சேர்த்து, 'அவசரம். எல்லோரும் உடனே செயலியைத் திறந்து, குறிப்புகள் தெரிகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்' என்று போட்டேன்.

அந்த ஆசிரியைகள் போல் சொன்னதை உடனே செய்கிறவர்களை நான் பார்த்ததில்லை. ஒவ்வொருவராகப் பதில் வந்தது. 'எனக்கு இல்லை சார்.' 'எனக்கும் காலி.' 'சார், என் வகுப்புல பேர் மட்டும்தான் இருக்கு.' மார்க்கெட்டில் இருந்தவர் மார்க்கெட்டில் நின்று பார்த்திருக்கிறார். பல் மருத்துவரிடம் உட்கார்ந்திருந்தவர் அங்கிருந்தே பார்த்திருக்கிறார். பத்தாவதாக ஒருவர் எழுதினார்: 'திறந்ததும் ஒரு செகண்டு எல்லாம் தெரிஞ்சுது சார். அப்புறம் கண்ணு முன்னாடியே ஒவ்வொண்ணா மறைஞ்சிடுச்சு.'

படித்ததும்தான் எனக்குப் புரிந்தது. பள்ளிப் பக்கம் சிக்னல் சரியாக இருக்காது என்பதற்காக, செயலி ஒருமுறை காட்டியதைக் கைப்பேசியிலேயே ஒரு நகல் வைத்துக்கொள்ளும்படி நான்தான் செய்திருந்தேன். நெட் இல்லாவிட்டாலும் அந்த நகலைக் காட்டும். நெட் இருந்தால் கிளவுடில் என்ன இருக்கிறது என்று கேட்டு, அங்கே இல்லாததை இங்கேயும் நீக்கிவிடும். அதாவது அன்று காலை பன்னிரண்டு கைப்பேசிகளில் குறிப்புகள் உயிரோடுதான் இருந்தன. நான் குழுவில் போட்ட அந்த ஒரு வரிதான் ஒவ்வொன்றாக அழித்தது. நான் கேட்டேன் என்பதற்காக, பாவம், அவர்கள் திறந்தார்கள்.

'யாரும் திறக்காதீர்கள்' என்று உடனே போட்டேன். அதற்குள் தலைமை ஆசிரியையும் பார்த்தாகிவிட்டது. பதினொரு பேர்.

பன்னிரண்டாவது ஆள் ஆயாம்மா. செய்தி அவருக்குப் போய்ச் சேரவே இல்லை.

ஆயாம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கள்ளிக்குப்பத்தில் இருக்கிறார். காலையில் பள்ளி வேனில் பிள்ளைகளோடு வருவார், மாலையில் அவர்களோடு போவார். நடுவில் ஊட்டுவது, கழிப்பறைக்கு அழைத்துப் போவது, உடை மாற்றுவது எல்லாம் அவர்தான். ஆசிரியைகளின் செயலியில் அவரவர் வகுப்புப் பிள்ளைகள் மட்டும் தெரிவார்கள். ஆயாம்மாவுக்கு எல்லா வகுப்பும் வேண்டும் என்று தலைமை ஆசிரியை சொல்லியிருந்தார். அவருக்கு எதற்குச் செயலி என்று நான் அப்போது மனதுக்குள் நினைத்தது உண்மை. எட்டாவது வரை படித்தவர். ஒரே விரலால் எழுத்து எழுத்தாகக் குத்துவார். ஆனால் தினமும் வேனில் உட்கார்ந்து எல்லாப் பிள்ளைகளின் பக்கத்தையும் புரட்டிப் படிப்பார். பள்ளியில் வைஃபை உண்டு. வெள்ளிக்கிழமை மாலை வரை எழுதிய எல்லாமும், முப்பத்தெட்டுப் பேருடையதும், அவர் கைப்பேசியில் இருக்கும். வேறு எங்கேயும் இப்போது இல்லை.

தலைமை ஆசிரியையைக் கூப்பிட்டேன். நான் வாய் திறப்பதற்குள் அவரே சொன்னார். "சார், ஆயாம்மாவுக்கு மெசேஜ் போகல. நெட் பேக் முடிஞ்சிருக்கும் போல. அதான் இப்பவே நான் என் போன்லருந்து அவங்களுக்கு ரீசார்ஜ் பண்ணிட்டேன். இனிமே வந்துரும்."

நல்ல மனசுக்காரர். அந்த நல்ல மனசின் மேல் எனக்கு அந்த நிமிடம் வந்த கோபத்தை இன்றுவரை அவரிடம் ஒப்புக்கொள்ளவில்லை. விஷயத்தைச் சொன்னேன்.

"அவங்க திறந்துட்டா?"

"அவ்வளவுதான் மேடம்."

ஆயாம்மாவைக் கூப்பிட்டேன். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்றது. மறுபடி கூப்பிட்டேன். அதே பதில். குழுவிலிருந்து என் செய்தியை எல்லோருக்கும் நீங்கும்படி நீக்கினேன். ஆனால் அதற்குக் கீழே பதினொரு பேரும் அதைப் பற்றியே பேசி வைத்திருந்தார்கள். கைப்பேசியை உயிர்ப்பித்தால் அவ்வளவும் டிங் டிங்கென்று வந்து விழும். யாராக இருந்தாலும் முதல் வேலையாகச் செயலியைத்தான் திறப்பார்கள். மனைவி வண்டிச் சாவியை எடுத்து என் கையில் கொடுத்தாள். "மெதுவா போங்க. ஆனா சீக்கிரம் போங்க" என்றாள்.

மெதுவாகவும் சீக்கிரமாகவும் போனேன். அம்பத்தூர் எஸ்டேட் சிக்னலில் மூன்று முறை சிவப்பு விழுந்தது. வெயில் தலையில் அப்படியே உட்கார்ந்திருந்தது. ஓ.டி. பஸ் நிலையத்தைத் தாண்டுவதற்குள் பத்து முறை கூப்பிட்டுப் பார்த்திருப்பேன். அந்தப் பெண் குரல் சலிக்காமல் அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்றே சொல்லிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டுக் கவலைப்படுவதா நிம்மதி அடைவதா என்று எனக்குத் தெரியவில்லை.

கள்ளிக்குப்பத்தில் ஆயாம்மா வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அக்காவா? மாதா கோயிலாண்ட கீறாங்க சார். நாளிக்கு குருத்தோலை இல்ல? அங்கதான் எல்லாம் குந்திகினு சிலுவை பின்னிகினு கீறாங்க."

கோயிலுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. பத்துப் பதினைந்து பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தென்னங்குருத்து மலையாகக் குவிந்திருந்தது. மறுநாள் குருத்தோலை ஞாயிறு, ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறு. பவனிக்கு வருகிறவர்களுக்குக் கொடுப்பதற்காக ஓலையைக் கிழித்துச் சின்னச் சின்னச் சிலுவையாக மடித்துக்கொண்டிருந்தார்கள். மூலையில் ஆயாம்மா. மடியில் ஓலை, வாயில் ஓர் ஓலைத் துண்டு.

என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "இன்னா சார், இப்புடி வேர்த்து ஊத்திகினு வந்து நிக்கிறீங்க? பாப்பாவுக்கு ஒண்ணும் இல்லியே?"

"பாப்பா நல்லா இருக்கா ஆயாம்மா. உங்க போன் எங்க?"

"போனா? அத்த ஏன் கேக்கிறீங்க." முகம் சிவந்துவிட்டது. "எவனோ எனுக்குத் துட்டு போட்டு நெட்டு உட்டுகீறான் சார். மெசேஜ் வந்துச்சு. தவக்காலத்துக்கு நாப்பது நாளும் நெட்டு வேணாம்னு ஆண்டவராண்ட சொல்லிகீறேன். நான் எப்பவும் அதுலயே பாட்டு, சீரியலு, சமையலுன்னு பாத்துகினே கெடப்பேன், அதான் அத்த உட்டுடறேன்னேன். ஸ்கூல்ல பிள்ளைங்களுக்கோசரம் பாக்கிறது வேற. ஊட்டாண்ட வந்தா ஒண்ணும் கெடையாது. இன்னும் ஒரு வாரந்தான் கீது. இப்ப பாத்து எவனோ கெடுக்கப் பாக்கறான். வந்த கோவத்துல ஆஃப் பண்ணி பையில கடாசிட்டேன்."

பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். "நான்கூட சொன்னேன் சார், வந்த நெட்ட ஏன்க்கா வேணாங்கிற, ஒரு வாட்டி இன்னா வந்துகீதுன்னு பாருன்னு. கேக்க மாட்டேன்னுச்சு."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு, நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். நான் அழித்தது, பிரதி காலியாக இருந்தது, எல்லோரையும் திறக்கச் சொல்லி இருந்ததையும் கெடுத்தது, எதையும் மறைக்கவில்லை. ஆயாம்மா கடைசிவரை கேட்டார்.

"அப்போ நாங்க எய்தினது அல்லாம் எம்போன்ல மட்டுந்தான் கீதா?"

"ஆமா."

"எல்லாப் பிள்ளைங்களுதும்?"

"எல்லாருடையதும்."

சிலுவைக் குறி போட்டுக்கொண்டு பையைத் திறந்தார். துணியில் சுற்றிய கைப்பேசியை எடுத்து இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

உயிர்ப்பிப்பதற்கு முன் சிம்மை வெளியே எடுத்துவிட வேண்டும். அந்தச் சின்ன ஓட்டைக்குள் குத்த என்னிடம் எதுவும் இல்லை. ஒரு பெண் தன் கழுத்துச் சங்கிலியில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தார். சிம் வெளியே வந்தது. அதை ஆயாம்மா முந்தானையில் முடிந்துகொண்டார். கொட்டகையில் இருந்த எல்லோரையும் அவரவர் ஹாட்ஸ்பாட்டை அணைக்கச் சொன்னேன். அதெல்லாம் தேவையே இல்லை. ஆனால் அன்று காலையிலிருந்து என் அறிவின் மேல் எனக்கே நம்பிக்கை போய்விட்டிருந்தது.

கைப்பேசி மெல்ல உயிர் பெற்றது. செயலியைத் தொட்டேன். சின்ன வட்டம் சுற்றியது. நெட் இல்லை என்று மேலே ஒரு பட்டை வந்தது. அதற்குக் கீழே பிள்ளைகளின் பெயர்கள். முதல் பெயரைத் தொட்டேன்.

குறிப்புகள் இருந்தன. நேற்று மாலை எழுதியதிலிருந்து மூன்று வருடத்துக்கு முந்தையது வரை, வரிசையாக இருந்தன. நான் ஏதோ சத்தம் போட்டிருக்கிறேன். என்ன சத்தம் என்று தெரியாது. பெண்கள் எல்லோரும் ஓலையைக் கீழே போட்டுவிட்டுச் சுற்றி வந்து நின்றார்கள்.

கணினியில் இணைத்து மொத்தமாக எடுக்க வழி உண்டு. அதில் ஏதாவது தவறினால் இருப்பதும் போய்விடும். அதனால் ஆதிகால வழியில் இறங்கினேன். ஆயாம்மா தன் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு விரலால் தள்ளித் தள்ளிக் காட்ட, நான் என் கைப்பேசியால் ஒவ்வொரு திரையையும் படம் பிடித்தேன். வெயில் பட்டுக் கண்ணாடி பளபளத்தது. இரண்டு பெண்கள் முந்தானையை விரித்து நிழல் பிடித்தார்கள். ஒருவர் யார் பக்கம் முடிந்தது என்று ஓலை நறுக்கால் கணக்கு வைத்தார், பிள்ளைக்கு ஒரு நறுக்கு. நடுவில் டீ வந்தது. யாரோ கோயில் பிளக் பாயிண்ட்டிலிருந்து ஒயர் இழுத்து வந்து சார்ஜ் போட்டார்கள். அன்று மதியம் இரண்டரை மணிவரை அங்கே ஒரு சிலுவைகூடப் பின்னவில்லை. யாரும் அதைப் பற்றிப் பேசவும் இல்லை. நான் அவர்களுக்கு யாரோ. என் சாமி வேறு, ஊர் வேறு. கேட்டால், "பிள்ளைங்க விசயம் சார்" என்றார்கள். அந்தப் பெண்களுக்கு நான் எப்படி நன்றி சொன்னேன் என்று நினைத்துப் பார்க்கிறேன். சரியாகச் சொல்லவில்லை. கும்பிட்டேன், அவ்வளவுதான்.

முப்பத்தெட்டு நறுக்கும் விழுந்ததும் மனைவியைக் கூப்பிட்டேன். "கிடைச்சிடுச்சு" என்றேன். அந்தப் பக்கம் மகள் பாத்திரத்தைத் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு ஒரு வாரம் பள்ளியே தட்டச்சு செய்தது. படங்களை ஆசிரியைகளுக்குப் பிரித்துக் கொடுத்தேன். எழுதிய நாள், எழுதியவர் பெயர் எதுவும் மாறாமல் திரும்ப ஏற்றினார்கள். ஒருவர்கூட என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் மகளின் பக்கத்தை அவள் ஆசிரியையே எடுத்துக்கொண்டார். வீட்டில் பாதி மூட்டை கட்டியாகிவிட்டது, மீதி மூட்டைக்கு நடுவில் உட்கார்ந்து அடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். தலைமை ஆசிரியை ஆயாம்மாவிடம் மன்னிப்புக் கேட்டார். ஆயாம்மா ரொம்ப நேரம் முறைப்பாகவே இருந்துவிட்டு, பிறகு, "உட்டுத்தள்ளுங்க மேடம்" என்றார். போட்டுவிட்ட நெட்டை ஈஸ்டர் முடியும்வரை தொடவே இல்லை.

பிரதி எடுக்கும் ஏற்பாட்டைச் சரிசெய்தேன். இப்போது உள்ளடுக்கும் வருகிறது. மாதம் ஒருமுறை அதைப் புதிதாக ஒரு காலித் தரவுதளத்தில் ஏற்றி, கண்ணால் திறந்து பார்க்கிறேன். 'வெற்றி' என்று வரும் மின்னஞ்சலை நான் இப்போது நம்புவதில்லை.

இதோடு முடிந்தது என்றுதான் இருந்தேன்.

ஜூனில் புது ஆசிரியை வந்தார். சின்னப் பெண், படிப்பு முடித்து இரண்டு வருடம்தான் ஆகியிருக்கும். முதல் நாள் காலை நாங்கள் இருவருமே போனோம், விழுந்து கதறினால் தூக்குவதற்கு. அவர் வாசலுக்கு வந்தார். என் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பிடிக்கவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிடவும் இல்லை. ஒரு பக்கமாக நின்றுகொண்டு தன் துப்பட்டா நுனியை மட்டும் அவள் கைக்கு எட்டும்படி விட்டார். என் மகள் அதைப் பார்த்தாள். பிடித்தாள். இருவரும் உள்ளே போனார்கள். என் மனைவி என் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏழு மாதம் அழுதவள் ஏழு நிமிடத்துக்குள் போய்விட்டாள்.

அன்று மாலை கூட்டிவர நான் மட்டும் போனேன்.

இங்கே நான் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். பள்ளி முடியும் நேரத்தில் என் மகள் கேட்டுக்கு உள்ளே நிற்பாள். கேட்டின் கீழ்ப் பாதி தகரம், மேல் பாதி கம்பி. நான் வண்டியை நிறுத்தினால் கம்பிக்கு இடையில் அவள் முகம் மட்டும் தெரியும். மற்றப் பிள்ளைகள் அவரவர் அப்பாவைப் பார்த்ததும் குதிப்பார்கள். அவள் முகம் திரும்பாது. எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கும். வேன் ஓட்டுநர் வந்தாலும் அதே முகம், நான் வந்தாலும் அதே முகம். மூன்று வருடமாக நான் தினமும் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, நான் யாரென்று அவளுக்குத் தெரியாது என்று முடிவு கட்டியிருந்தேன். குறிப்புகளில் அவள் பக்கத்தை மட்டும் நான் திறப்பதே இல்லை. செயலியைச் செய்தவன் சலுகை எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அதற்கு நேர்மை என்று பெயர் வைத்திருந்தேன். அது பயம். கொட்டகையில் படம் பிடித்தபோதுகூட எழுத்து தெளிவாக விழுகிறதா என்றுதான் பார்த்தேன், படிக்கவில்லை.

புது ஆசிரியை கேட்டைத் திறந்து வெளியே வந்தார். கண் பளபளத்தது. "சார், ஆயாம்மா எழுதியிருந்தது அப்படியே நடக்குது சார். நான் பார்த்துக்கிட்டே இருந்தேன்."

"எது?"

அவர் கைப்பேசியில் காட்டினார். இரண்டு வருடத்துக்கு முந்தைய குறிப்பு. 'அவங்க அப்பா வண்டி சவுண்டு தெரு முனைல கேட்டா வலது கால தரையில தட்டும். வேற எந்த வண்டிக்கும் தட்டாது. மூஞ்சிய பாக்க வேணாம். கால பாக்கணும்.'

வேன் பக்கம் நின்றிருந்த ஆயாம்மாவைப் பார்த்தேன். "ஏன் ஆயாம்மா எங்கிட்ட சொல்லல?"

"ஐய, எய்தி வெச்சிகீறேனே சார். நீங்க செஞ்சதுதான, படிச்சிருப்பீங்கன்னுதான் நெனச்சினு இருந்தேன்."

ஆசிரியையிடம் கேட்டை முழுவதுமாகத் திறந்து வைக்கச் சொன்னேன். வண்டியைத் திருப்பிக்கொண்டு தெரு முனைவரை போனேன். மாவு மில் வாசலில் நிறுத்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி உதைத்துக் கிளப்பினேன். எவ்வளவு மெதுவாக வர முடியுமோ அவ்வளவு மெதுவாக வந்தேன். அவள் முகம் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது. வலது கால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது.